மிளகு மருந்தில்லை

ஏழாம் குழியில் காலை என்பது ஒரு மணியோசை மட்டும்தான். நிலவில் சூரியன் ஒருமுறை எழுந்தால் பதினான்கு நாள் காய்வான்; அவனைப் பார்த்து யாரும் பல் துலக்குவதில்லை. மணி அடித்ததும் வீட்டிலுள்ளவர்கள் வரிசையாகச் சுவர்முன் வந்து நின்று, அதில் பதித்திருக்கும் கண்ணாடி வட்டத்தில் வாய் வைத்து ஊதுவார்கள். "உங்கள் நெஞ்சில் இன்று தூசு பதினெட்டு மில்லிகிராம்" என்று சுவர் சொல்லும். மனைவிக்குப் பதினாறும் கணவனுக்கு இருபதும் என்றால் அதை வைத்து ஒரு கேலி நடக்கும். அறுபதைத் தொட்டால் மூச்சு நின்றுவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள், தினமும் அழமுடியுமா என்ன.

ஊதி முடித்ததும் சுவர் ஒரு கேள்வி கேட்கும்: கொடுக்கப்படும் மருந்தைத் தவிர வேறு ஏதேனும் உட்கொள்கிறீர்களா? எல்லோரும் "ஒண்ணுமில்ல" என்பார்கள். அதன்பிறகுதான் அவரவர் கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் இருக்கும் உள்வைத்தியன் திறக்கும். அரிசிமணி அளவுள்ள கருவி அது. அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள், வானொலி வழியாக வரும் வாய்பாட்டின்படி மருந்தைத் தயாரித்து நேரே ரத்தத்தில் விடும். ஒரு நாளைக்கு ஒரு வேளை. மாத்திரையும் ஊசியும் மருந்துக்கடையும் ஒழிந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது.

அங்கே இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்தவர்களின் வம்சம். கண் கூசும் வெள்ளை வெளியில் நாள் முழுக்க நின்று உப்பு வாரத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று தேடித்தான் அவர்களின் முன்னோரைக் கொண்டுபோனார்கள். நிலவின் மண்ணை வாரி, அதிலிருந்து உயிர்வளி பிரிப்பது வேலை. அந்த மண் பார்க்க மாவு போலிருக்கும். தொட்டால் ஒவ்வொரு துகளும் நொறுங்கிய கண்ணாடி. எத்தனை உறை மாட்டினாலும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தூசுக்கட்டு என்று அந்த நோய்க்குப் பெயர். ஐம்பது வயதைப் பார்த்தவர்கள் குழியில் குறைவு.

அந்தக் கணக்கை மாற்றியவர் டாக்டர் அன்னபாக்கியம். குழியிலேயே பிறந்து, பூமிக்குப் போய்ப் படித்து, போன வேகத்தில் திரும்பி வந்தவர். அவர் கையில் எடுத்தது ஆடாதோடை. ஆடுகூட வாய்வைக்காத கசப்பு இலை. இருமலுக்கும் சளிக்கும் பூமியில் நெடுங்காலமாகக் கஷாயம் வைத்துக் குடித்தது. அந்த இலைக்குள் இருக்கும் வாசிசின் என்ற பொருளுக்கு மூச்சுக்குழாயை விரித்துச் சளியை இளக்கும் குணம் உண்டு. செடி ஒன்றும் நம்மேல் இரக்கப்பட்டு அதைச் செய்து வைக்கவில்லை. தன்னைத் தின்ன வருகிறவர்களை விரட்டத்தான் செய்து வைத்தது. அதையும் காய்ச்சிக் குடித்தவர்கள் மனிதர்கள். அன்னபாக்கியம் அந்த மூலக்கூற்றில் இரண்டு இடங்களை மாற்றி, தூசைச் சளியோடு சேர்த்து வெளியே தள்ளும்படி செய்தார். அதற்கு வாசினி என்று பெயர் வைத்தார்.

இரண்டு வருடம் ஏழாம் குழி முழுவதும் வாசினியின் சோதனைக்களமாக இருந்தது. டாக்டரும் தனக்கே செலுத்திக்கொண்டார். முடிவு யாரும் எதிர்பார்க்காதது. நாற்பதில் இருந்தவர்கள் பதினைந்துக்கு இறங்கினார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். பூமியிலிருந்த மருத்துவக் குழு மூன்று முறை சரிபார்த்துவிட்டு, நிலவின் மற்றக் குழிகளுக்கும் வாய்பாட்டை அனுப்ப அனுமதி கொடுத்தது. முதலில் வடமுனைக் குழிக்குப் போனது. ஏனென்றால் நிலைமை அங்கேதான் மோசம்.

அன்னபாக்கியத்தின் ஒரே மகள் லிடியா அங்கேதான் இருந்தாள். இருபத்தாறு வயது, பனிக்கட்டியைத் துளைக்கும் எந்திரத்தின் பொறியாளர். அவள் நெஞ்சில் தூசு நாற்பத்தைந்து. மருந்து வந்துவிட்டது, இனி பயமில்லை என்று தாய் நிம்மதியாக இருந்தார்.

ஒரு மாதம் ஆயிற்று. லிடியாவின் தூசு ஐம்பத்திரண்டு. வடமுனைக் குழியில் வாசினி எடுத்துக்கொண்ட அறுபது பேரில் ஒருவருக்குக்கூட இறங்கவில்லை. அதே மருந்து, அதே அளவு, அதே கருவி. ஏழாம் குழியின் முடிவுகள் பொய்யாக இருக்கலாம் என்று பூமிக் குழுவில் ஒருவர் பட்டும்படாமல் எழுதினார். அன்னபாக்கியத்துக்கு அந்த அவமானம் உறைக்கக்கூட இல்லை. நாளுக்குக் கால் மில்லிகிராம் வீதம் ஏறுகிறது. அறுபதுக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள். அது ஒன்றுதான் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு குழிகளின் ரத்தத்தையும் வைத்து ஆராய்ந்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. வடமுனைக்காரர்களின் கல்லீரல் வாசினியை ஒரு மணி நேரத்தில் சிதைத்துத் தள்ளிவிடுகிறது. வெளியிலிருந்து வரும் எதையும் உடைத்து அப்புறப்படுத்துவது கல்லீரலின் வேலை. அது தன் வேலையைத்தான் செய்தது. ஏழாம் குழிக்காரர்களின் ரத்தத்தில் மட்டும் மருந்து எட்டு மணி நேரம் நிலைத்து நிற்கிறது. எதுவோ ஒன்று அவர்களின் கல்லீரலைக் கட்டிப்போட்டிருக்கிறது. அது என்ன?

சுவர்களின் பதிவுகளைப் புரட்டினார். இரண்டு வருடமாக நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தினமும் சொன்ன பதில் ஒன்றேதான். பதிவை நம்பாமல் வீடு வீடாகப் போனார். வேறு ஏதாவது மருந்து, சத்துப் பொடி, பூமியிலிருந்து யாராவது அனுப்பியது என்று துருவித் துருவிக் கேட்டார். லிடியா அவர்கள் கண்முன் வளர்ந்த பிள்ளை. அவர்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது? இருந்தால் சொல்லமாட்டோமா என்று பெண்கள் கண் கலங்கினார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்தவரையில் அவர்கள் எதையும் சாப்பிடவில்லை.

பத்தாவது நாள் தன் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் வாசினி எட்டு மணி நேரம் நின்றது. மறுபடி சோதித்தார், அதே முடிவு. மற்றவர்கள் மறைக்கலாம், தான் எதுவும் எடுத்துக்கொள்வதில்லை என்பது தனக்கே தெரியுமே.

அந்த யோசனையோடு மாலையில் எக்கிக்கூடத்துக்குப் போனார். குழிக்குத் தண்ணீரையும் வெப்பத்தையும் சுற்றிவிடும் பெரிய எந்திரங்கள் அங்கேதான் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்பவர் மாசானமுத்து. டாக்டரைவிடப் பத்து வயது மூத்தவர், வாசினி இல்லாவிட்டால் எப்போதோ போயிருக்க வேண்டியவர். கூடத்தின் ஈரச் சூட்டுக்கு முதலில் வந்தவர்கள் ஒரு மிளகுக்கொடியை நட்டிருந்தார்கள். அது வெந்நீர்க் குழாய்களைப் பற்றிக்கொண்டு கூரைவரை ஏறிவிட்டது. வேலை முடிந்து வருகிறவர்களுக்கெல்லாம் மாசானமுத்து ஒரு தம்ளர் ரசம் கொடுப்பார். டாக்டருக்கும் வழக்கம்போலக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் தொண்டை எரிந்தது. இன்றைக்குக் காரம் தூக்கலாக இருக்கிறதே என்றார் அன்னபாக்கியம்.

"மிளகு புதுசு" என்றார் மாசானமுத்து. பிறகு தயங்கி, "டாக்டரம்மா, நான் படிக்காதவன். பத்து நாளா எல்லார்ட்டயும் என்னத்தச் சாப்பிடுதியன்னு கேட்டுகிட்டுத் திரியிதிய. இப்ப கையில வச்சுகிட்டுக் கேக்கிய. வடக்க உள்ளவங்களுக்கு வெறும் டப்பாச் சத்துப்பசைதான சாப்பாடு? நமக்கும் அவங்களுக்கும் வேற என்ன வித்தியாசம் இருக்கு?" என்றார்.

அன்னபாக்கியம் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். மிளகின் காரத்துக்குக் காரணம் பைபரின் என்ற பொருள். கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதிகளை அது தடுத்துவிடும் என்பது பூமியில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. அவரே பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம். பிறந்ததிலிருந்து குடிக்கிற ரசத்துக்குள் அந்தப் பாடம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தினமும் காலையில் சுவர்முன் நின்று "ஒண்ணுமில்ல" என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

அன்றே பைபரினுக்கான வாய்பாட்டையும் சேர்த்து எழுதி, மிகச் சிறிய அளவில், மில்லிகிராம் பிசகாமல், வடமுனைக்கு அனுப்பினார். உள்வைத்தியன்கள் அதையும் தயாரிக்கத் தொடங்கின. லிடியாவின் தூசு ஐம்பத்தைந்தில் நின்றது. பிறகு ஐம்பது. நாற்பத்தொன்று. ஒவ்வொரு நாளும் எண்ணைக் கேட்டதும் தாய் அழுதார். வெட்கப்படாமல், எல்லோர் முன்னாலும் அழுதார். இரண்டு மாதத்தில் லிடியா முப்பத்தைந்துக்கு வந்துவிட்டாள்.

பூமிக் குழு மகிழ்ந்து, புதிய வாய்பாட்டை எல்லாக் குழிகளுக்கும் பொதுவாக்கியது. ஒரே நிலவு, ஒரே மருந்து என்று அறிக்கை வந்தது. ஏழாம் குழியும் அதில் அடக்கம். அன்னபாக்கியம் அப்போதே விழித்துக்கொண்டார். எல்லோரையும் எக்கிக்கூடத்தில் கூட்டி, தெளிவாகச் சொன்னார்: மருந்திலேயே இப்போது மிளகுச் சாரம் அளவோடு இருக்கிறது, இதற்குமேல் மிளகு சேர்ந்தால் வாசினி ரத்தத்தில் தேங்கும், தேங்கினால் கல்லீரல் வெந்துபோகும், இனி யாரும் மிளகைத் தொடக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். கேள்விகூடக் கேட்டார்கள். மறுநாளிலிருந்து ரசத்தில் புளியும் சீரகமும் மட்டும்தான் இருந்தன.

ஆனால் கொடியை வெட்டிவிடலாம் என்றபோது யாருக்கும் மனசு வரவில்லை. அது டாக்டரின் மகளையே காப்பாற்றிய கொடி. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே அதற்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டப்பட்டுவிட்டது. அதற்கடுத்த வாரம் ஒரு மெழுகுவத்தியும் எரிந்தது. கூடத்தின் கதவில் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். மிளகின் மகிமையைப் பூமி விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு பொருளில் மருந்து இருக்கிறது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் மனிதனுக்கு ஒரு கை அள்ளத் தோன்றிவிடுகிறது. இத்தனை நாள் சும்மா கிடந்த மிளகு இப்போது நிரூபிக்கப்பட்ட மிளகு.

மூன்றாவது வாரம் மஞ்சள் கண்ணோடு முதல் ஆள் வந்தார். அந்த வாரமே இருபது பேர். அன்னபாக்கியம் ஒவ்வொருவரிடமும் மிளகு சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். டாக்டரம்மா சொன்ன அன்றைக்கே விட்டாச்சு என்றார்கள். அதுவும் உண்மைதான். சாப்பாட்டில் விட்டுவிட்டார்கள். காலையில் வெறும் வயிற்றில் நாலு மிளகை மென்று தண்ணீர் குடிப்பது சாப்பாடா? மருந்து கொஞ்சம் வேகமாக ஏறட்டுமே என்றுதான். இதையெல்லாம் அவர் ஒவ்வொருவரின் மனைவியிடமிருந்தும் தாயிடமிருந்தும் தனித்தனியாகக் கறக்க வேண்டியிருந்தது. பொதுவாக்கிய வாய்பாட்டை மாற்றும் உரிமை இப்போது பூமிக்குத்தான் என்பதால், மருந்தின் அளவைக் குறைக்கக் கேட்டு அங்கே எழுதினார். கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

மாசானமுத்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது உடம்பு முழுக்க மஞ்சள். அன்னபாக்கியம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தியமாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி என்று கெஞ்சினார்.

"விட்டாச்சு தாயி. ஒம்மேல ஆணையா விட்டாச்சு" என்றார் அவர்.

நான்காம் நாள் இறந்தார். முகத்தைத் துடைக்கும்போது கன்னத்துக்குள் ஐந்து மிளகு அடக்கிவைத்திருந்தது தெரிந்தது. குழியிலேயே நல்ல மனிதர் அவர்தான். அவருடைய ஆணைக்கே இதுதான் மதிப்பு என்றால், இனி யார் சொல்வதை நம்புவது? அன்னபாக்கியத்துக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்ததும் மாசானமுத்துவின் மனைவி பேச்சித்தாய் டாக்டரிடம் வந்தார். தன் துக்கத்தை ஒதுக்கிவிட்டு, ஆறுதல் சொல்லத்தான் வந்தார். உங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறாள் அல்லவா, அவருக்குக் கடைசிவரை அதே நினைப்புதான் என்றார். போன மாதம் வடக்கே பனிக்கட்டி ஏற்றப் போன ஊர்தியில் ஒரு பொட்டலம் அனுப்பினாராம். கொடியில் முற்றிய முதல்தர மிளகு. குழியில் உள்ள அத்தனை வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒரு கை போட்டார்களாம். லிடியாவுக்காக.

அன்னபாக்கியம் ஓடினார். வடமுனைக்குத் தொடர்பு கிடைத்துத் திரையில் மகளின் முகம் வந்ததும் முதலில் கண்ணைத்தான் பார்த்தார். வெண்விழி மஞ்சளாக இருந்தது. லிடியா சிரித்தாள். கொஞ்சம் அசதியாக இருக்கிறது, பசியில்லை, வேறொன்றுமில்லை என்றாள். மாசானமுத்து மாமாவின் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. தினமும் ஒரு கைப்பிடி, பொடித்து வெந்நீரில். அம்மா கண்டுபிடித்தது என்று தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் கொடுத்திருக்கிறாள்.

"ஏட்டி, ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியா?"

"என்னம்மா இதப் போயிக் கேட்டுகிட்டு? செடியில காய்ச்சதுதான. இயற்கையானது என்ன செஞ்சிரப் போவுது?"

செடிக்குள் இருப்பதும் வேதிப்பொருள்தான், அது உன் கல்லீரலைக் கொன்றுகொண்டிருக்கிறது, மாசானமுத்து மாமா செத்தே போய்விட்டார் என்று தாய் சொல்லி முடிப்பதற்குள் லிடியாவின் முகம் வெளிறிவிட்டது. அவளுடைய சுவரின் அளவுகளை அன்னபாக்கியம் இங்கிருந்தே பார்த்தார். கல்லீரல் விளிம்பில் நின்றது. இனி மிளகு இல்லை என்றால், வாசினியைத் தொடர்ந்தாலும் அது மெதுவாகத் தேறிவிடும். இன்னும் ஒரு வேளை மிளகு உள்ளே போனால், அடுத்த மருந்து அவளைக் கொன்றுவிடும். வடமுனையில் மருந்து நேரம் மாலை; அடுத்த மருந்து ஒரு மணி நேரத்தில் திறக்கும்.

உள்வைத்தியனை ஒரு நாள் நிறுத்திப் பார்ப்பது என்று ஒன்று கிடையாது. அளவு பூமியின் கையில்; டாக்டரிடம் இருந்தது மூடும் கட்டளை மட்டும். மூடினால் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் பட்டினியில் செத்துவிடும். மாற்றுக் கருவி பூமியிலிருந்து வர எட்டு மாதம். லிடியாவின் தூசு முப்பது. மருந்தில்லாமல் நாளுக்குக் கால் மில்லிகிராம் என்றால் நான்கு மாதத்தில் அறுபது. யாருக்கும் காகிதமும் பேனாவும் தேவைப்படாத கணக்கு. கருவி அதற்குமுன் வரலாம், வடமுனையில் தூசு குறைந்த வேலை கிடைக்கலாம், அதிர்ஷ்டம் இருக்கலாம். மிளகு விஷயத்தில் அதிர்ஷ்டத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"லிடியா, அம்மா கேக்கேன். உண்மையச் சொல்லு. இனிமே தொடமாட்டியா?"

"தொடமாட்டம்மா. இப்பமே எல்லாத்தையும் கொட்டிருதேன். குடுத்தவங்ககிட்டயும் தொடக்கூடாதுன்னு சொல்லிருதேன்."

"இன்னிக்குச் சாப்பிட்டியா?"

"இல்லம்மா. இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. சத்தியமா."

எத்தனை சத்தியங்களை அந்த ஒரு மாதத்தில் அவர் கேட்டிருந்தார். எல்லாமே இதே குரலில், இதே கண்களோடு சொல்லப்பட்டவை. சொன்னவர்கள் எல்லோரும் அவரை நேசித்தவர்கள். இவளும் அந்தக் குழியில் பிறந்து, அந்த ரசத்தைக் குடித்து வளர்ந்தவள்தானே. சத்தியம் செய்துவிட்டு, ஒரேயொரு மிளகுதானே என்று நாக்கில் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அன்னபாக்கியம் முக்கால் மணி நேரம் திரையின்முன் உட்கார்ந்திருந்தார். நடுவில் மகள் எழுந்துபோய்த் திரும்பி வந்தபோதும் எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன பயன்? கடைசியில் மகளுடைய கருவியின் எண்ணை அழுத்தி, மூடும்படி கட்டளை கொடுத்தார். கழுத்தெலும்புக்குக் கீழே லேசாகச் சுட்டிருக்க வேண்டும். லிடியா அங்கே கையை வைத்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"அம்மா, நான் உண்மையத்தாம்மா சொன்னேன்" என்றாள்.

அவள் உண்மையைத்தான் சொன்னாள். அன்று காலையிலிருந்து அவள் ஒரு மிளகுகூடத் தின்னவில்லை. தாய் யோசித்துக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் எழுந்துபோய், மிச்சமிருந்த பொட்டலத்தைக் கழிவுக் குழாயில் கொட்டி, தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.